சோற்றுக்கு வழியில்லாத சோழன்

உங்கள் மாமனாரை நாற்பத்தைந்து நாள் கட்டிலை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோபிநாத் தன் மாமனாருக்கு ஒரு ராஜ்ஜியத்தைக் கொடுத்தான்.

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆறுமுகசாமி படுத்துக் கிடக்கிற ஆள் இல்லை. வடகரப்பதியில் ஏழு ஏக்கர் தோட்டம். பாதி தென்னை, பாதி மக்காச்சோளம். மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்து, முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்து, தகடு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாளே சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி மாட்டுக் கொட்டகை வரைக்கும் போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டினார்களா என்று பார்க்கப் போனாராம்.

வனிதா அன்றைக்குச் சாமியாடிவிட்டாள். அப்பாவிடம் ஆடியது போக மிச்சத்தைப் புருஷனிடம் ஆடினாள்.

"ஊனி நடந்தாருன்னா தகடு நவுந்துருமாம். மறுபடியும் காலைக் கிழிக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு இனி லீவு இல்லீங்க. நீங்க ஊட்டுலதான இருக்கறீங்க? பாத்துக்குங்க. அவரு கால் கீழ பட்டுச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்."

"என்னையா? நான் என்ன செய்ய முடியும்? அவரு எங்கிட்ட பேசவே மாட்டாரே!"

"பேச வேண்டாம். பாத்துக்குங்க போதும்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கோயமுத்தூரில் பம்பு கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

கோபிநாத் வீட்டில்தான் இருந்தான். ஆனால் மாடி அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தான். ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தமிழிலும் மலையாளத்திலும் 'குளிரவில்லை' என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மதியம் அரை மணி நேரம் சாப்பாடு. நடுவில் எழுந்து போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

மாமனார் பேசாததற்குக் காரணம் கல்யாணம். கோபிநாத் தேவிகுளம் பக்கத்தில் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். கோயமுத்தூரில் வேலை பார்த்த இடத்தில் வனிதாவைப் பார்த்து, பிடித்துப்போய், ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஆறுமுகசாமி வரவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது கால் உடைந்த பிறகுதான் மகளும் மருமகனும் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். கோபிநாத் எதிரிலேயே நின்றாலும் அவர் மனைவி பெரியம்மாளைப் பார்த்துத்தான் சொல்வார்: "ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு." பெரியம்மாள் கோபிநாத் பக்கம் திரும்பி, "கொறைக்கச் சொல்றாருங்க மாப்பிள்ளை" என்பாள். சுவிட்ச் கோபிநாத்தின் தோளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஆளைக் கட்டிலில் இருத்தி வைக்க என்ன செய்வது?

கோபிநாத்துக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். அவன் எந்த ஊரில் தங்கினாலும் அவனுக்குச் சிநேகிதர்கள் அமையவில்லை. அதனால் நாலு வருடமாக வேலை முடிந்த நேரத்தில், ராஜா காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை எடுத்து, அதில் இருந்த வெள்ளைக்கார ராஜாக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, சேரன், சோழன், பாண்டியன், ஹொய்சளன், நடுவில் சின்னதாக ஒரு கொங்கு நாடு என்று தன் கையாலேயே மாற்றி வைத்திருந்தான். இப்படி மாற்றி வைப்பதற்கு 'மோட்' என்று பெயர். உலகத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று பேர் அதை விளையாடினார்கள். அந்த நாற்பத்து மூன்று பேரையும் அவன் சொந்தக்காரர்களைப் போல நினைத்திருந்தான்.

ஐந்தாம் நாள் காலை பழைய மடிக்கணினியைக் கட்டில் மேல் மடக்குப் பலகையில் வைத்தான். சொல்லிக் கொடுத்தான். யாரிடம்? வேறு யார், பெரியம்மாளிடம்தான்.

"அத்தை, இந்தா பச்சையா இருக்குல்ல, அது நம்ம கொங்கு நாடு."

"ஏனுங்க, பச்சை நம்முளுதாமா."

"சுத்தி இருக்க ராஜாவெல்லாம் ஆள் கிடையாது அத்தை. மிஷினே யோசிச்சு விளையாடும்."

"சுத்தியும் மிசின்காரனுங்களாமா."

"நம்ம செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டு இந்தப் பொத்தானை அமுக்கணும். அப்பத்தான் ஒரு சுற்று முடியும். அப்புறம் அவனுங்க முறை."

"நம்மளுது பண்ணிப்போட்டு இதை அமுக்கோணுமாமா. அப்பறம் அவனுங்க வருவானுங்களாமா."

வரி எப்படிப் போடுவது, களஞ்சியம் எப்படிக் கட்டுவது, தூது எப்படி அனுப்புவது எல்லாவற்றையும் அவன் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். ஆறுமுகசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "சண்டைக்கு எதை அமுக்கோணும், அதைக் கேளு" என்றார்.

அன்று மாடியில் உட்கார்ந்து கோபிநாத் ஒரு ஏற்பாடு செய்தான். கீழே ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அந்த ஆட்டத்தின் நகல் மேலே அவன் கணினிக்கு வந்து சேரும். வந்தால் 'டிங்' என்று சத்தம் கேட்கும். டிங் கேட்டால் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். கேட்காவிட்டால் எழுந்துவிட்டார். இதைவிடச் சுலபமான காவல் உண்டா? வனிதாவிடம் பெருமையாகச் சொன்னான். அவள் "என்னமோ பண்ணுங்க" என்றாள்.

முதல் நாலு நாள் டிங் கேட்டது. ஆனால் விளையாட்டு உருப்படவில்லை. ஆறுமுகசாமி களஞ்சியம் கட்டவில்லை, வரி போடவில்லை. இருக்கிற இருநூறு ஆளைத் திரட்டிக்கொண்டு நேராகச் சோழன் மேல் போனார். சோழன் ஒரே சுற்றில் அடித்துத் துரத்தினான். மறுபடி போனார். நாலாம் நாள் சோழன் தாராபுரத்தைக் கொளுத்தினான்.

கீழே தலையணை சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

"என்ற நாட்டுக்குள்ள வந்து தீ வெக்கறானா? எடு என்ற தடியை!"

கோபிநாத் ஹெட்போனோடு கீழே ஓடினான். காதுக்குள் ஒரு அம்மா, "ஹலோ, ஐஸ் கட்டவே மாட்டேங்குது, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறுமுகசாமியின் நல்ல கால் தரையில் இருந்தது. கெட்ட கால் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாள் அவர் தோளை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"அத்தை, மாமாவை உக்காரச் சொல்லுங்க. இன்னைக்கே சோழனைச் சாதுவாக்கிப் போடுதேன்."

"சாதுவாக்கிப் போடறாராமா, உக்காருங்க."

சாப்பாட்டு நேரத்தில் மோட் கோப்பைத் திறந்தான். எதிரி ராஜாக்களுக்கு 'ஆவேசம்' என்று ஒரு எண் இருக்கும். எட்டு என்று இருந்ததை மூன்றாக்கினான்.

மறுநாளிலிருந்து டிங் சீராக வந்தது. ஒரு மணி நேரத்தில் ஆறேழு. கோபிநாத்துக்கு மூச்சு வந்தது. ஆட்டத்தைத் திறந்து பார்த்தான். தாராபுரத்தைத் திருப்பிக் கட்டியாகிவிட்டது. ஊருக்கு ஊர் களஞ்சியம். வாய்க்கால் வெட்டியிருந்தது. படை மட்டும் இருநூறு ஆளிலேயே நின்றது. அடிபட்டதில் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பெரிய தொந்தரவு, தோட்டத்து ஆள் கருப்புசாமியின் ஆப்பே சரக்கு ஆட்டோதான். ஞாயிற்றுக்கிழமை தவிரத் தினமும் ஒன்பதரைக்குக் கொல்லைப்பக்கம் வந்து நின்று, அணைக்காமல் பத்து நிமிஷம் தடதடக்கும். நாலு மணிக்கு மறுபடி வந்து தடதடக்கும்.

"அது என்ன சத்தம்? உங்க ஃபிரிட்ஜும் இப்படித்தானா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

"தேங்கா எடுக்க வர்றானுங்க மாப்பிள்ளை" என்றாள் பெரியம்மாள். "தோட்டத்துல வேலை கெடக்குதுங்களே."

பன்னிரண்டாம் நாள் பதினொன்றே முக்காலுக்கு டிங் நின்றது. பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு ஐந்து. 'கொஞ்சம் லைனில் இருங்க' என்று ஒரு வாடிக்கையாளரைப் பாட்டுக் கேட்க விட்டுவிட்டு, கோபிநாத் படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கினான். அறைக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அத்தை! மாமா என்ன செய்யுதாரு?"

கதவு நாலு விரல் திறந்தது. பெரியம்மாளின் ஒரு கண் தெரிந்தது. குக்கர் விசிலடித்தது.

"ஒடம்பு தொடைச்சு உடறனுங்க மாப்பிள்ளை. இப்ப வராதீங்க, கூச்சப்படுவாரு."

"ஓ… சரி அத்தை."

"அப்பறம், மாமா ஒண்ணு சொன்னாருங்க. மிசின்காரனுங்க எல்லாம் கல்லாட்ட நிக்கறானுங்களாமா. சப்புன்னு இருக்குதாமா. இப்பிடியே போனா எந்திரிச்சுத் தோட்டத்துக்கே போயிருவேன்னு சொல்றாருங்க."

கோபிநாத் மறுபடி மாடிக்கு ஓடினான். ரொம்பக் கஷ்டமாக வைத்தால் தடியை எடுக்கிறார். ரொம்பச் சுலபமாக வைத்தால் தோட்டத்துக்குப் போகிறேன் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் அந்த எண் எங்கே இருக்கிறது?

ஆவேசத்தை ஏற்றப் பயம். அதனால் எதிரிகள் எல்லாருக்கும் பொன்னை அள்ளிக் கொடுத்தான். பணம் இருந்தால் படை கட்டுவான். படை கண்ணில் தெரிந்தால் மாமனாருக்குச் சுவாரஸ்யம் வரும்.

இரண்டு நாளில் சுதீப் போன் பண்ணினான். கல்பாத்திக்காரன். நாற்பத்து மூன்று பேரில் ஒருவன். இருபத்தைந்து மைலில் இருந்துகொண்டு இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

"எடா கோபி, என்னவாக்கும் பண்ணி வெச்சிருக்காய்? ஹொய்சளன் நாப்பதாயிரம் குதிரையைக் கொண்டுவந்து சத்தியமங்கலத்திலே நிறுத்தியிருக்கான். நிறுத்திப்பிட்டு ஒண்ணும் பண்ணலை. சும்மா நிக்கறான். பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு, கேட்டயா?"

கோபிநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனாருக்காக மாற்றியதை எல்லாருக்கும் போகிற கோப்பிலேயே மாற்றிவிட்டான். நாற்பத்து மூன்று பேரின் எல்லையிலும் குதிரைகள் நின்றுகொண்டிருந்தன.

"ஒரு அவசரத்துல செஞ்சிட்டேன்டா. என் மாமனார் கால் இதுல மாட்டியிருக்கு."

விஷயத்தைக் கேட்டு சுதீப் சிரித்தான். பிறகு மாமனாரின் ஆட்டத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தான். அரை மணி கழித்துக் கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை.

"இப்படி விளையாடறவாளை நான் பாத்ததே இல்லை. அஞ்சாறு நாளா ஒரு யுத்தம் இல்லை. எதிராளி படை வந்து நின்னா தானியம் வித்துக் காசு வாங்கறார். நாப்பதாயிரம் குதிரைக்குக் கொள்ளு யார் குடுக்கறா தெரியுமோ? உன் மாமனார்தான்! ராஜகுமாரிகளை நாலு பக்கமும் கட்டிக் குடுத்திருக்கார். பெரிய மூளையாக்கும் அவருக்கு."

அன்று சாயங்காலம் ஆறுமுகசாமி கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்துகொண்டு, சுவரைப் பார்த்து, "ஹொய்சளனை வெட்டிப் போட்டேன்" என்றார்.

வெட்டவில்லையே, கொள்ளு விற்றிருக்கிறாரே என்று கோபிநாத் நினைத்தான். ஆனால் மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் இருக்கும் திசைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டான்.

குதிரைகளைக் கலைக்க ஆவேசத்தை ஒன்பதாக்கினான். கொங்கு நாட்டின் மேல் மட்டும் பாயக்கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தான். ராஜாக்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். பாண்டியன் சேரனை முடித்தான், ஹொய்சளன் பாண்டியனைப் பாதி முடித்தான். வீடு வாசல் இழந்த சனமெல்லாம் சோறு இருக்கும் இடம் தேடிக் கொங்கு நாட்டுக்குள் வந்தது. மக்கள் தொகை மூன்று மடங்கானது. வரி கொட்டியது.

ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று பயந்து, மழையை நிறுத்தினான். மூன்று வருடப் பஞ்சம் என்று எழுதினான். பஞ்சம் வந்தால் கொங்கு நாடு கொஞ்சம் மெலியும் அல்லவா? மெலியவில்லை. அங்கே முப்பத்தொரு களஞ்சியம் நிறைந்து கிடந்தது. மற்ற நாட்டு ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சோற்றை வாங்கிக்கொண்டன.

முப்பத்தாறாம் நாள். வரைபடம் முழுக்கப் பச்சை. தஞ்சாவூரில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. சோழன்.

மதியம் சாப்பிடும்போது பெரியம்மாள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "மாப்பிள்ளை, மாமா கேக்கச் சொன்னாருங்க. சோழனையும் முடிச்சுப்போட்டா வெளையாட்டு தீந்துருங்களா?"

"தீந்துரும் அத்தை."

"அச்சோ. தீந்துட்டா அப்பறம் அவரு கட்டல்ல கெடக்க மாட்டாருங்க. பாத்து ஏதாச்சும் பண்ணுங்க. நல்லா போயிட்டிருந்துச்சுங்களே."

இன்னும் ஒன்பது நாள். டாக்டர் படம் எடுத்துப் பார்க்கும் வரைக்கும் அந்தச் சோழன் சாகக்கூடாது. கோபிநாத் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போனான். சோழனுக்கு நூறு லட்சம் பொன் கொடுத்தான். சோழன் அத்தனைக்கும் படை சேர்த்தான். சேர்த்த படைக்குச் சோறில்லை. பாதிப் படை நடந்தே கொங்கு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சுதீப்பைக் கூப்பிட்டான்.

"எடா, மிஷினாலே அவரை ஜெயிக்க முடியாது. நீயே சோழனா உக்காந்துக்கோ. நீ பண்ணின மோட்தானே? உனக்குத் தெரியாத வழியா?"

அந்த வழி அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து கோபிநாத் சோழனானான். டிங் வந்ததும் ஆட்டத்தைத் திறப்பான், சோழனுக்காக யோசித்து நகர்த்துவான், கீழே திருப்பி அனுப்புவான். காதுக்குள் ஃபிரிட்ஜ்.

"சார், உள்ள வெச்ச தோசைமாவு புளிச்சுப்போச்சு."

"எத்தனை நாளா மேடம் முற்றுகை… மன்னிக்கணும், எத்தனை நாளா இந்தப் பிரச்சினை?"

கீழிருந்து தகவல் வந்தது: "மாமா சொன்னாருங்க, மிசின்காரன் இப்பெல்லாம் ரொம்ப நேரம் யோசிக்கறானாமா. யோசிச்சும் புத்தி வரலையாமா."

கோபிநாத்துக்குச் சுருக்கென்றது. நாலு வருடம் அவன் கட்டிய உலகம் அது. எந்த மலையில் எந்தக் கணவாய் என்று அவனுக்குத் தெரியும். தன் முழுத் திறமையையும் காட்டினான். காவிரி வழியாக ஒரு படை, கடற்கரை வழியாக ஒரு படை. எதிரி சண்டைக்கே வரவில்லை. அவன் படை போகிற வழியில் எல்லாம் சந்தைகளை மூடிவிட்டார். ஒரு வாரத்தில் சோழன் குதிரைகளை விற்று அரிசி வாங்கினான். யாரிடம்? கொங்கு நாட்டிடம்.

படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷன், ஏழு ஏக்கர் விவசாயி, தன்னை இப்படிச் சோற்றுக்கு அலைய விடுகிறாரே என்று கோபிநாத்துக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் மரியாதையும் வந்தது.

நாற்பத்து நாலாம் நாள் மூன்றரை மணிக்கு ஒரு டிங். திறந்தான். கொங்கு நாட்டிலிருந்து தூது வந்திருந்தது. போர் அறிவிப்பு என்று நினைத்தான். இல்லை. இருந்த கடைசி ராஜகுமாரியைச் சோழனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்களாம். சீதனமாக ஆறு களஞ்சியம் நெல்.

கோபிநாத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ரிஜிஸ்டர் ஆபீசில் அன்று காலி நாற்காலி ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் நினைத்திருந்தால் சோழனை ஒரு சுற்றில் நசுக்கியிருக்கலாம். நசுக்கவில்லை. பெண்ணைக் கொடுத்து, சோறும் கொடுக்கிறார். சோழன் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன?

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது காது.

"இருக்கேன்" என்றான் கோபிநாத். 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினான்.

அமுக்கிய பிறகுதான் அவனே எழுதி வைத்த விதி ஞாபகம் வந்தது. வாரிசு இல்லாத கிழட்டு ராஜா பெண்ணெடுத்தால், அவன் நாடு பெண் கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். சோழனுக்கு வயது எழுபத்தொன்று. வாரிசுகளைப் பஞ்சத்தில் இவனே கொன்றிருந்தான்.

சிவப்புப் பொட்டு பச்சையானது. கொட்டு முழங்கியது. 'வெற்றி.'

ஆட்டம் தீர்ந்துவிட்டது! மாமனார் எழுந்துவிடுவார்! மணி நாலு ஐந்து. ஆப்பே ஆட்டோ கொல்லையில் தடதடத்து ஓய்ந்தது. கோபிநாத் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீழே ஓடிக் கதவைத் தள்ளினான்.

ஆறுமுகசாமி கட்டிலில் இருந்தார். கால் தலையணை மேல் இருந்தது. லேசாக மூச்சு வாங்கினார். ஜெயித்த சந்தோஷம். பெரியம்மாள் பக்கத்து நாற்காலியில் முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"தீந்து போச்சுங்க மாப்பிள்ளை" என்றாள்.

நாற்பத்தைந்தாம் நாள் வனிதா இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு அப்பாவைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே! எலும்பு நல்லா கூடியிருக்கு. இந்த வயசுல சொன்ன பேச்சைக் கேட்டு அசையாம இருக்கறவங்க ரொம்பக் கம்மி. இன்னும் ரெண்டு வாரம் இதே மாதிரி இருக்கட்டும்."

"எல்லாம் இவருனாலதாங்க டாக்டர்" என்று வனிதா கோபிநாத்தின் கையைப் பிடித்தாள். எல்லார் எதிரிலும் பிடித்தாள். "நாப்பது நாளா மாடியில இருந்துட்டே அப்பாவைக் கட்டல்ல கட்டிப் போட்டுட்டாருங்க."

திரும்பி வரும்போது காரில் ஆறுமுகசாமி தொண்டையைக் கனைத்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. கோபிநாத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை. உங்க வெளையாட்டு பரவாயில்லீங்க. கடேசில சோழன் தலையை வாங்கினேன் பாருங்க, அதுதான் ஆட்டம்."

"தலையா மாமா? நீங்க பொண்ணுல்ல குடுத்தீங்க?"

பெரியம்மாளுக்குப் புரையேறியது. தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள். பேச்சு அதோடு போயிற்று.

வனிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாளைக்கும் ஊட்டுலதான் இருக்கப் போறேன். உங்களுக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வனிதா கொல்லையில் மசால் அரைத்துக்கொண்டிருந்தாள். அன்றும் லீவு போட்டிருந்த கோபிநாத் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தான். ஆப்பே ஆட்டோ வந்து நின்றது. பின்னால் தேங்காய் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரில் ஒரு சாக்கு மூட்டை, அதன் மேல் ஒரு தலையணை. கருப்புசாமி எஞ்சினை அணைக்காமல், அறை ஜன்னலையும் அதில் தெரிந்த பெரியம்மாளையும் பார்த்துக் கத்தினான்:

"ஐயா, வாங்க, தெனமும் போலத் தூக்கி வெச்சுக்கறேன், வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டானுங்க! ஏனுங்கம்மா, அந்தச் சோத்துக்கில்லாத சோழனைக் கடேசில என்னதான் பண்ணுனீங்க? எங்க ஊட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா."